துண்டு போட்ட இடம்

மில் சங்கு ஊதுவது நின்றுபோன ஓர் ஊரில், மூன்றாம் மாடி வீடு ஒன்றின் பரண்மேல் மூன்று பேர் குடியிருந்தார்கள். ஒரு மம்பட்டி, ஒரு பூவாளி, ஒரு பாட்டிலுக்குள் சாம்பலில் புதைந்து கிடந்த அவரை விதைகள். விதைகள் பல பேர்தான். ஆனால் எப்போதும் ஒரே குரலில் கத்துவதால், பரணில் அவர்களை ஒரே ஆளாகத்தான் கணக்கு வைத்திருந்தார்கள்.

மம்பட்டிக்கு மூக்குமேல் கோபம். மண்ணைத் தொட்டு வருஷக்கணக்காகிவிட்டால் எந்த மம்பட்டியும் அப்படித்தான் ஆகிவிடும். பூவாளிக்கு வாய் ஜாஸ்தி. வாயில் இருந்த சல்லடை மூடி எங்கேயோ கழன்று விழுந்ததிலிருந்து, தண்ணீரானாலும் பேச்சானாலும் அதற்கு ஒரேயடியாகக் கொட்டத்தான் தெரியும்.

"யாராச்சும் கீழே இறக்கி விடுங்களேன்" என்று பூவாளி தினமும் ஒரு தடவையாவது புலம்பும்.

"இறங்கி எங்க போவே? ஹால் முழுக்க டைல்ஸ் போட்டிருக்குது. அதுக்குத் தண்ணி ஊத்திக் காடு பண்ணப் போறியா?" என்று மம்பட்டி எரிந்து விழும்.

உடனே விதைகள் பாட்டிலுக்குள்ளிருந்து, "நாங்க எப்ப முளைக்கிறது? நாங்க எப்ப முளைக்கிறது?" என்று ஆரம்பிக்கும். அதோடு மம்பட்டி வாயை மூடிக்கொள்ளும்.

அவர்கள் எப்போதும் இப்படிப் பரணில் கிடந்தவர்கள் இல்லை. அதே ஊரில், அதே மண்ணில், மில் குவார்ட்டர்ஸ் என்று ஒன்று இருந்தது. ஓடு போட்ட வரிசை வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் ஒரு பாய் விரிக்கிற மாதிரி நீளமாக ஒரு துண்டு நிலம். அந்த நிலத்தில் நஞ்சப்பன் அவரைப் பந்தல் போட்டிருந்தார்.

நஞ்சப்பனுக்கு மில்லில் பஞ்சு பிரிக்கிற வேலை. ஷிப்ட் முடிந்து சங்கு ஊதினால் தலையெல்லாம் பஞ்சோடு வந்து சேருவார். டீ கூடக் குடிக்க மாட்டார். நேரே பின்பக்கம் போய்த் தோள்துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு மம்பட்டியைத் தூக்குவார். வீட்டுக்குள்ளிருந்து அவர் சம்சாரம் தனபாக்கியம், "ஏனுங், வீட்டுக்குள்ள ஒருத்தி இருக்கறது ஞாபகம் இருக்குதுங்களா?" என்று குரல் கொடுப்பாள். "இருக்குது இருக்குது, அவரைக்காய் பொரியல்னா ரொம்பவே ஞாபகம் வருது" என்று அவர் சிரிப்பார்.

"அந்தக் காலத்துல எனக்கு ஓயாத வேலை" என்று பரணில் உட்கார்ந்து பூவாளி கதை பேசும். "அரிசி களைஞ்ச தண்ணி, பாத்திரம் கழுவின தண்ணி எல்லாம் என் வயித்துலதான். பக்கத்து மேரியக்கா வீட்டுப் பீர்க்கங்கொடி வேலி தாண்டி நம்ம பக்கம் வருமே, அதுக்கும் சேர்த்துத்தான் ஊத்துவேன்."

"நம்ம அவரை அவங்க பக்கம் போகலியா?" என்று மம்பட்டி கேட்கும். அப்போது மட்டும் அதன் குரல் இளகியிருக்கும்.

கொடி வேலி தாண்டிவிட்டால், காய் எந்தப் பக்கம் தொங்குகிறதோ அந்தப் பக்கத்து வீட்டுக்குச் சொந்தம். குவார்ட்டர்ஸில் இதுதான் வழக்கம். யாரும் உட்கார்ந்து பேசி வைத்த சட்டம் இல்லை. தை மாதத்தில் எந்த வீட்டு அவரைக்காய் எந்த வீட்டுக் குழம்பில் கொதிக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது, ஒருவரும் கேட்டதும் கிடையாது. கையகல நிலம்தான். அப்படியும் அங்கே யாருக்கும் இடம் பற்றவில்லை என்ற பேச்சே வந்ததில்லை.

ஒரு தடவை பந்தல் கம்பியில் மாட்டி நஞ்சப்பனின் வெள்ளைத் துண்டு கிழிந்துவிட்டது. தைக்கலாம் என்று தனபாக்கியம் தேடினால், வீட்டில் வெள்ளை நூல் இல்லை. ஊருக்கே நூல் நூற்கிற மில்லில் வேலை, வீட்டில் ஒரு முழம் நூலுக்குப் பஞ்சம்! கடைசியில் கூடை பின்ன வைத்திருந்த பச்சை நைலான் நூலை எடுத்து, கிழிசலையும் ஓரத்தையும் சேர்த்துத் தைத்துக் கொடுத்துவிட்டாள். "வெள்ளைத் துண்டுல அவரைக்கொடி ஏறின மாதிரி இருக்குது புள்ளெ" என்று நஞ்சப்பன் அதைத் தோளில் போட்டுக்கொண்டு லைன் வீடுகள் முழுக்கக் காட்டிவிட்டு வந்தார். அதன் பிறகு வேறு துண்டை அவர் தோளில் யாரும் பார்த்ததில்லை.

பிறகு மில்லை மூடினார்கள். குவார்ட்டர்ஸை இடித்தார்கள். அதே மண்மேல் மாடி மாடியாகக் கட்டடம் எழுப்பி, பழைய தொழிலாளிகளுக்கு ஆளுக்கொரு வீடு கொடுத்தார்கள். பொய் சொல்லக் கூடாது, நல்ல வீடுதான். குழாயைத் திருகினால் தண்ணீர், சுவிட்சைத் தட்டினால் வெளிச்சம். பின்பக்கம் என்று ஒன்று மட்டும் இல்லை. அதனால் மம்பட்டியும் பூவாளியும் விதைப் பாட்டிலும் பரணேறின.

ஒரு நாள் காலையில் நஞ்சப்பன் வழக்கம்போலக் கீழே நடந்துவிட்டு வந்தார். அன்றைக்குப் படியேறி வந்த வேகம் ஜாஸ்தி. வாசலில் நின்றார். மூச்சு வாங்கியது. முகம் நிறையச் சிரிப்பு.

"தனம், மம்பட்டி எங்க புள்ளெ?" என்றார். அப்படியே நிலையைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். அதற்குமேல் அவர் பேசவில்லை.

தனபாக்கியத்துக்கு அந்தக் கேள்வி விளங்கவேயில்லை. மூன்றாம் மாடியில் நின்றுகொண்டு ஒரு மனுஷன் மம்பட்டியைக் கேட்பானா? "கடைசி நேரத்துல அவருக்கு மனசு பழைய குவார்ட்டர்ஸுக்குப் போயிருச்சு. நான் ஒரு பதில் கூடச் சொல்லலீங்களே" என்று துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அழுதாள். பழைய இரும்புக்காரர் எத்தனையோ தடவை கேட்டும் மம்பட்டியை மட்டும் அவள் போடவில்லை.

மம்பட்டிக்கு அதில் பெருமையும் உண்டு, தீராத வேதனையும் உண்டு. "கடைசியா நம்மாளு என்னைத்தான் கேட்டார். நான் இங்க மேல கிடந்தேன். ஒரு குரல் குடுக்க முடியல" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்ளும்.

இது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தக் காலனியில் கடைசிக் கட்டடத்துக்குப் பின்னால், ஓடைக் கரையோரமாகக் கொஞ்சம் நிலம் சும்மா கிடந்தது. நஞ்சப்பன் வீட்டுத் துக்கம் நடந்த அந்தச் சமயத்தில்தான் காலனிச் சங்கச் செயலாளர் ஜெகநாதன் ஒரு காரியம் செய்தார். நல்ல மனுஷர், ஆனால் அவசரக்காரர். பாத்தி பாத்தியாகக் கயிறு கட்டிப் பிரித்துவிட்டு, டீக்கடையில் நின்று, "காய்கறி போடறவங்க போட்டுக்கலாமுங்க. ஞாயித்துக்கிழமை காலையில வந்து அவங்கவங்க எடத்தைப் புடிச்சுக்குங்க" என்று அறிவித்துவிட்டார்.

இடம் பிடிக்க நம்மவர்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா? பஸ் வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியே துண்டை வீசி சீட்டுப் பிடிக்கிற ஜனம். தண்ணீர் லாரி வருமுன்னே குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்க் காபி குடிக்கிற ஜனம். வைத்த குடத்தை யாரும் நகர்த்த மாட்டார்கள், போட்ட துண்டை யாரும் எடுத்து எறிய மாட்டார்கள். வேறு எதில் எப்படியோ, இந்த ஒரு விஷயத்தில் எல்லாரும் யோக்கியர்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலனி முழுசாகக் கண் விழிப்பதற்குள், எல்லாப் பாத்தியிலும் ஏதாவது ஒன்று உட்கார்ந்துவிட்டது. ஒன்றில் செங்கல். ஒன்றில் ஒற்றைச் செருப்பு. ஒன்றில் ஹெல்மெட். இன்னொன்றில் கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி. நடுவில், நல்ல வெயில் விழுகிற பாத்தியில், ஒரு துண்டு விரித்து, அதன்மேல் ஒரு கல்.

பிடித்தார்களே, பயிர் வைத்தார்களா? அடுத்த வாரம் கல்யாணம், அதற்கடுத்த வாரம் காதுகுத்து, அப்புறம் கோடை. போகப் போக எதை யார் வைத்தார்கள் என்பதே பாதிப்பேருக்கு மறந்துவிட்டது. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனசு வருமா? "இருக்கட்டும், நம்ம எடம்னு ஒண்ணு இருக்கட்டும்" என்று விட்டுவிட்டார்கள். பாத்திகளில் செங்கலும் செருப்பும் மட்டும் வெயிலில் காய்ந்து மழையில் நனைந்தன.

தனபாக்கியத்தின் சமையலறை ஜன்னலுக்கு நேரே கீழே அந்த நிலம் தெரியும். முதல் வருஷம் அழுகையிலேயே போனது. இரண்டாவது ஆடியில் பாதி விதையை எடுத்துப் பால்கனியில், பெயிண்ட் வாளியில் மண் போட்டு ஊன்றினாள். முழங்கை உயரத்துக்கு வந்தது. வெயில் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிடுகிற பால்கனி. மஞ்சளடித்து, சுருண்டு, செத்துப்போனது. மிச்சம் இருந்தது இந்தப் பாட்டில்தான். நஞ்சப்பன் கையால் பறித்து, காயவைத்து, சாம்பல் போட்டு மூடிய விதை. இந்த ஆடியும் தப்பினால் அதற்கு உயிர் இருக்காது என்று அவளுக்குத் தெரியும்.

எனவே இந்த ஆடி பிறந்ததும் வீடு வீடாக ஏறி இறங்கினாள். செங்கல் வீட்டுக்காரர், "பையன் லீவுல வந்தா ஏதாச்சும் வைப்பானுங்க்கா" என்றார். ஹெல்மெட்காரர், "எம்பொண்ணு பேர்ல புடிச்ச எடமுங்" என்றார். எதிர்வீட்டுப் பூங்கொடி மட்டும், "எங்களுது நாற்காலியா செருப்பான்னே எனக்குத் தெரியாதுங்க்கா. அவரைத்தான் கேக்கோணும்" என்று உண்மையைச் சொன்னாள். அவள் வீட்டுக்காரரைக் கேட்டதற்கு, "இருக்கட்டும்" என்றார்.

"அந்த நடுவுல துண்டு கெடக்குதே, அது யாருதுங் தம்பி?" என்று ஜெகநாதனைக் கேட்டாள்.

"தெரியலீங்க்கா. இந்தக் கட்டடத்துக்காரங்க அந்தக் கட்டடத்துதுங்கறாங்க, அவங்க இவங்களுதுங்கறாங்க. நான் எடுத்துப் போட்டா நாளைக்குச் சண்டைக்கு வந்துருவாங்க. அடுத்தவங்க போட்ட துண்டுல கை வைக்க முடியுங்களா?"

"அது எப்படி முடியும்" என்று தனபாக்கியமும் ஒத்துக்கொண்டாள். சமையல் செய்யும்போதெல்லாம் ஜன்னல் வழியே அந்தத் துண்டைத்தான் பார்ப்பாள். "யாரோ குடுத்து வெச்ச மகராசன். வெயிலு பாத்து எடம் புடிச்சிருக்கான்" என்று பெருமூச்சு விடுவாள்.

ஆடி நடுப்பகுதியில் ஒரு சனிக்கிழமை அவள் ஸ்டூல் போட்டு ஏறிப் பரணைத் திறந்தாள். மூன்றையும் கீழே இறக்கினாள். பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"நாளைக்கு ஒரு தடவை ஜெகநாதனைக் கேட்டுப் பாக்கறேன். ஓடைக்கரையில ஒரு ஓரமாச்சும் தரட்டும். இல்லீன்னா, சும்மா வெச்சிருந்து புழு புடிக்கறதுக்குக் குழம்புலயாச்சும் போட்டறலாம்" என்று தனக்குத்தானே சொன்னாள்.

பாட்டிலுக்குள் ஒரே கூக்குரல். "குழம்பா? குழம்பா? அண்ணா, குழம்புங்கறாங்க!"

"கேட்டுச்சு, கேட்டுச்சு" என்றது மம்பட்டி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தனபாக்கியம் மூன்றையும் எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். ஓடைக்கரை ஓரத்தைப் போய்ப் பார்த்தாள். அங்கே ஜல்லியும் மணலும் கொட்டி வைத்திருந்தது. ஓடையை மூடப்போகிறார்கள். நடுப் பாத்தி ஓரமாகச் சாமான்களை வைத்துவிட்டு, தள்ளிப்போய்த் தண்ணீர்த் தொட்டி நிழலில், ஜெகநாதன் வருவார் என்று உட்கார்ந்தாள். முழங்காலில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

மம்பட்டிக்கு எதிரே துண்டு கிடந்தது. வெள்ளையா பழுப்பா என்று சொல்ல முடியாது. பாதிக்குமேல் மண்ணேறி, ஓரமெல்லாம் மண்ணுக்குள்.

மம்பட்டிக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. "ஏய், துண்டு! உனக்கு வெக்கமா இல்லியா? நல்ல வெயிலு, நல்ல மண்ணு. ஒரு புல்லு முளைக்க விட்டியா? நீயும் வெக்க மாட்டே, வெக்கறவங்களுக்கும் விடமாட்டே."

பக்கத்துப் பாத்தியிலிருந்து செங்கல் பதில் சொன்னது. "ஏம்ப்பா சத்தம் போடறே? நாங்க எல்லாம் டூட்டியில இருக்கோம். எங்க ஆளு வர்ற வரைக்கும் எழுந்திரிக்கக் கூடாது."

"எப்ப வருவாங்க?" என்று கேட்டது பூவாளி.

"வருவாங்க" என்றது செங்கல். "வருவாங்க" என்றது ஒற்றைச் செருப்பு. அதன் குரலில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஜோடியைப் பார்த்தே ரொம்ப நாளாகிறது.

அந்த நேரம் பார்த்து ஆடிக்காற்று ஓடைப்பக்கமிருந்து தூசியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. "இந்தத் துண்டுகிட்ட மட்டும் என் பருப்பு வேகறதில்லை. இதோட மூணாவது ஆடி. துணிக்கொடியில காயறதெல்லாம் என்கூடப் பறந்துருக்குது. இது மட்டும் கல்லைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு அசையவே மாட்டேங்குது" என்று குறைப்பட்டது.

"எப்படி அசையறது?" என்று அப்போதுதான் துண்டு வாய் திறந்தது. குரல் தணிவாக இருந்தது. "வந்துடறேன்னு சொல்லிட்டுப் போயிருக்கார். வந்து பாக்கறப்ப நான் இல்லீன்னா எடம் போயிருமே."

"யாரு உன் ஆளு?"

"பேரு தெரியாது. தோளு தெரியும், வேர்வை வாசம் தெரியும். அன்னிக்கு எல்லாத்துக்கும் முந்தி வந்தவர் அவர்தான். மத்த பாத்தியெல்லாம் காலியா இருந்துச்சு. ஒவ்வொண்ணுலயும் நின்னு மேல அண்ணாந்து பாத்தார். இங்க வந்து நின்னதும், 'இதுதான், இங்க பந்தல் போட்டாத்தான் அவ சமையக்கட்டு ஜன்னல்ல இருந்து தெரியும்'னு தனியாச் சிரிச்சார். 'இப்பச் சொல்லக் கூடாது. கொடி ஏறட்டும், அவளே பாக்கட்டும்'னார். என்னை உதறி விரிச்சார். கல்லு வெச்சார்."

பூவாளி என்னவோ சொல்ல வந்தது. "சும்மா இரு" என்றது மம்பட்டி. அதன் இரும்பெல்லாம் சில்லிட்டுப் போயிருந்தது.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? 'இங்கயே இரு, ஒரே எட்டுல மேல போயி மம்பட்டிய எடுத்துட்டு வந்தர்றேன்'னு போனார். வருவார். மம்பட்டி எங்க வெச்சோம்னு தேடிக்கிட்டு இருப்பார்."

விதைகள்கூடக் கத்தவில்லை.

"உன் ஓரத்துல பச்சை நூலு தையல் இருக்குதா?" என்று கடைசியில் மம்பட்டி கேட்டது.

"இருக்குது. மண்ணுக்குள்ள இருக்குது. உனக்கு எப்படித் தெரியும்?"

"நான்தாம்ப்பா அந்த மம்பட்டி."

துண்டுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "வந்துட்டியா! நான் சொன்னேன்ல, வருவார்னு! எங்க அவரு? பின்னால வர்றாரா?"

மம்பட்டி எத்தனையோ பாறையில் அடிபட்டிருக்கிறது. அப்போதெல்லாம் அதற்கு இப்படி வலித்ததில்லை.

"படியேறி வந்தார். வாசல் வரைக்கும் வந்தார். என்னைக் கேட்டார். சிரிச்ச முகமாத்தான் கேட்டார். அதுக்குமேல அவரால முடியல. அவர் வரமாட்டார் தம்பி."

துண்டு அழுததா என்று கேட்காதீர்கள். ஊரார் வேர்வையையும் கண்ணீரையும் துடைப்பதற்கென்றே பிறந்த துண்டுக்கு, அதன் கண்ணீரைத் துடைக்க யார் இருக்கிறார்கள்?

"அப்ப இந்த எடம்?" என்று மெல்லக் கேட்டது.

பூவாளி அதற்குமேல் அடக்கிவைக்க முடியாமல் கொட்டிவிட்டது. "அதோ, தொட்டி நிழல்ல தலையைக் கவுத்துக்கிட்டு உக்காந்திருக்குதே, அது யாருங்கறே? அவருக்கு உன்னைத் தெச்சுக் குடுத்த மகராசிதான். தினம் தினம் ஜன்னல்ல இருந்து உன்னையே பாத்துக்கிட்டு நிக்குது. அடுத்தவங்க துண்டு, தொடக்கூடாதுன்னு நிக்குது. இன்னிக்கு எடம் கெடைக்கலீன்னா இந்தப் புள்ளைங்கெல்லாம் குழம்புக்குப் போறாங்க."

துண்டு ஒரு கணம் யோசித்தது. போட்ட இடத்தை விட்டு எழுந்திருப்பது ஒரு துண்டுக்குச் சின்ன விஷயமா? அதன் மானமே அதில்தான் இருக்கிறது.

"கல்லே, கொஞ்சம் இறங்கிக்கோ" என்றது. இத்தனை நாள் கூடவே கிடந்த கல் மறுபேச்சுப் பேசாமல் உருண்டு கொடுத்தது. "காத்தே, வா. இந்த ஒரு தடவை."

ஆடிக்காற்றுக்குச் சொல்லவா வேண்டும்? ஒரே மூச்சில் துண்டை மண்ணோடு பெயர்த்துத் தூக்கியது. துண்டு ஒரு சுற்றுச் சுற்றித் தொட்டி நிழலில் தனபாக்கியத்தின் மடியில் போய் விழுந்தது.

அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "அடக் கடவுளே, அந்த நடுப் பாத்தித் துண்டல்ல இது! யாரோட எடமோ பாவம், போயிருமே" என்று பதறி எழுந்தாள். திரும்ப எடுத்துப்போய் விரித்து, கல்லை வைத்துவிட வேண்டும் என்பதுதான் அவள் எண்ணம். இத்தனை நாள் அந்தத் துண்டால்தான் தனக்கு இடமில்லை என்று ஏங்கியவள், அப்போதும் அதைத்தான் செய்யப் போனாள்.

பாத்திக்கு வந்து துண்டை உதறினாள். மண் கொட்டியது. சுருக்கத்தை நீவிவிட்டாள். ஓரத்தில் விரல் தட்டியது.

துணி வெளுத்து நைந்துபோயிருந்தது. நைலான் நூல் மட்டும் அன்றைக்குத் தைத்த மாதிரி பச்சையாக இருந்தது. கோணல்மாணலான அந்தத் தையல் யாருடையது என்று அவளுக்குத் தெரியாதா? துக்கக் கூட்டத்தில் எங்கேயோ தொலைந்துபோனது என்று அவள் விட்டுவிட்ட துண்டு.

அவள் நின்றாள். துண்டைப் பார்த்தாள். அண்ணாந்து மூன்றாம் மாடியைப் பார்த்தாள். அவள் சமையலறை ஜன்னல் நேர் எதிரே திறந்திருந்தது. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"இதுக்குத்தான் கேட்டீங்களா?" என்றாள். "இதுக்குத்தான் கேட்டீங்களா?" வாய்விட்டு அழுதாள். நஞ்சப்பன் போனபோது அழுத அழுகை வேறு, இது வேறு.

ஜெகநாதன் தூரத்திலிருந்தே கத்திக்கொண்டு ஓடி வந்தார். "அக்கா! அடுத்தவங்க துண்டை எடுக்காதீங்க்கா! அப்பறம் சண்டை வந்துருமுங்!"

"அடுத்தவங்களுது இல்லீங் தம்பி" என்று அவள் துண்டை விரித்துக் காட்டினாள். "எங்க வீட்டுக்காரருது. அவர் போட்டதுங்."

ஜெகநாதன் குனிந்து அந்தப் பச்சைத் தையலைப் பார்த்தார். பிறகு, "அப்ப எடம் உங்களுதுதானுங்களே அக்கா" என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொள்ள அந்தப் பக்கம் திரும்பினார்.

தனபாக்கியம் எழுந்தாள். துண்டைத் தலையில் சுற்றி முடிச்சுப் போட்டாள். மம்பட்டியைக் கையில் எடுத்தாள். பாத்தியின் நடுவில் வந்து நின்றாள். எதிரே ஒருவரும் இல்லை. ஆனாலும் எதிரே நிற்கிறவருக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"மம்பட்டி எங்கேன்னு கேட்டீங்களே. இந்தாங்க, இங்கதானுங்க இருக்குது."

ஓங்கி ஒரு வெட்டு. வறண்டு கிடந்த மண் வாய் திறந்தது. மம்பட்டிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

விதைகளில் எல்லாமே பிழைத்தன என்று சொல்ல மாட்டேன். சிலது வண்டரித்துப் போயிருந்தது, சிலது வெறும் தோல்தான். ஆனால் பூவாளி ஒரேயடியாகக் கொட்டிய தண்ணீரையும் தாங்கிக்கொண்டு, மண்ணைத் தலையால் முட்டிக்கொண்டு வந்த முளைகளும் இருந்தன. இரண்டு இலை விட்டதும் அவை போட்ட சத்தத்தில் பூவாளியே காதைப் பொத்திக்கொண்டது. ஐப்பசி மழை குடித்துப் பந்தலேறி, தை வந்தபோது ஊதாப் பூவும் காயுமாக மூன்றாம் மாடி ஜன்னலுக்கு நன்றாகத் தெரிந்தது.

பந்தல் காலில் துண்டைக் கட்டி வைத்திருந்தாள் தனபாக்கியம். வேலைக்கு இறங்கும்போது தலைக்கு எடுத்துக்கொள்வாள்.

பந்தலோடு அவரைக்கொடி நிற்குமா? அதற்குப் பழைய குவார்ட்டர்ஸ் புத்தி. கயிற்றைத் தாண்டிப் பக்கத்துப் பாத்திக்குள் எட்டிப் பார்த்தது. அங்கே செங்கல் இன்னும் டூட்டியில் உட்கார்ந்திருந்தது.

ஒரு நாள் செங்கல் தயங்கித் தயங்கி மேலே பார்த்து, "ஏம்ப்பா துண்டு, உன்னை ஒண்ணு கேக்கட்டுமா? என் ஆளு வருவாரா?" என்றது.

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றது துண்டு. "கொடி வருது. சித்தே நகர்ந்து உக்காரு."